டர்போ காருக்கு எந்தப் பிளக்?

இரண்டு ஸ்பார்க் பிளக்குகள் உங்கள் மேசைமேல் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். உயரம் ஒன்று, மரையின் விட்டம் ஒன்று, வெள்ளைப் பீங்கான் உடலும் ஒன்றே. இரண்டும் எஞ்சினில் சரியாகப் பொருந்தும். இரண்டும் பொறி விடும். ஒன்றை மாட்டினால் கார் பல்லாயிரம் கிலோமீட்டர் ஓடும். மற்றதை மாட்டிக்கொண்டு நெடுஞ்சாலையில் முழு வேகத்தில் போனால், சில நிமிடங்களில் பிஸ்டனில் ஓட்டை விழுந்துவிடலாம். என்ன வித்தியாசம்? பிளக்கின் வாய்க்குள் எட்டிப் பார்த்தால்தான் தெரியும். உள்ளே இருக்கும் பீங்கான் மூக்கு ஒன்றில் சற்று நீளம், மற்றதில் சற்றுக் குட்டை. அவ்வளவுதான்!

இந்தச் சில மில்லிமீட்டர் விவகாரம் எல்லாப் பெட்ரோல் எஞ்சின்களுக்கும் உண்டு. ஆனால் பழைய டர்போ கார்களில் அது உயிர்நிலை. இன்றைய கார்களில் ஒரு சிறு கம்ப்யூட்டர் எஞ்சினை இடைவிடாமல் கவனித்து, ஆபத்து நெருங்கும்போது அழுத்தத்தைக் குறைத்துவிடுகிறது. 1970-களின் டர்போ காரில் அப்படி ஒரு காவல் இல்லை. பிளக்கைத் தேர்ந்தெடுப்பவர்தான் காவல்காரர்.

நம் தெருக்களில் காணக் கிடைக்காத ஒரு காரை எடுத்துக்கொள்வோம். சுவீடன் நாட்டில் சாப் என்றொரு விமானக் கம்பெனி 1937-இல் தோன்றியது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அது கார்களும் செய்யத் தொடங்கியது. அதன் ‘சாப் 99 டர்போ’ என்ற கார் 1977-இல் ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் முதன்முதலாகக் காட்டப்பட்டது. நான்கு சிலிண்டர், 1,985 கன சென்டிமீட்டர் கொள்ளளவு, 145 குதிரைத்திறன். அதற்கு முன்பும் டர்போ கார்கள் உண்டு. ஆனால் அவை பெரும்பாலும் பந்தயத்தையே மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. குடும்பத்தோடு கடைவீதிக்குப் போகும் காரிலும் டர்போ வைக்கலாம் என்று காட்டிய கார்களில் இதற்கு முக்கிய இடம் உண்டு. சாப் கார் கம்பெனி 2011-இல் திவாலாகிவிட்டது. இருந்தாலும் 99 டர்போக்களைப் போற்றிப் பாதுகாத்து ஓட்டுகிறவர்கள் இன்றும் பல நாடுகளில் இருக்கிறார்கள். அவர்கள் பிளக் வாங்கக் கடைக்குப் போகும்போது என்னென்ன யோசிக்க வேண்டியிருக்கிறது என்று பார்ப்போம்.

முதலில் டர்போ என்ன செய்கிறது? சாதாரண எஞ்சினில் பிஸ்டன் கீழே இறங்கும்போது வெளிக்காற்று தானாக உள்ளே போகிறது. அதைத் தள்ளுவது வளிமண்டல அழுத்தம் மட்டுமே. டர்போசார்ஜரில் இரண்டு சக்கரங்கள் ஒரே அச்சில் கோக்கப்பட்டிருக்கும். எஞ்சினிலிருந்து சீறி வெளியேறும் புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றும். மறுமுனையிலுள்ள சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேலும் இவை சுழல்கின்றன. வீணாகப் போகிற புகையைக் கொண்டே கூடுதல் காற்றை ஊட்டிவிடுகிறோம். கூடுதல் காற்றுக்குக் கூடுதல் பெட்ரோல். ஆகவே கூடுதல் சக்தி.

99 டர்போவில் இந்த மிகையழுத்தம் உச்சநிலையில் 0.7 பார். அதாவது வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேலே 0.7. வெளிக்காற்று ஏறத்தாழ 1 பார் என்றால் மொத்தம் 1.7 பார். “அப்படியானால் 70 சதவீதம் கூடுதல் காற்று உள்ளே போகிறது!” என்று சொல்லத் தோன்றுகிறதல்லவா? கொஞ்சம் பொறுங்கள். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதியைத் தொட்டுப் பார்த்திருக்கிறீர்களா? சுடும். காற்றை அமுக்கினால் அது சூடாகும். டர்போவிலும் அதேதான். 20° செ. வெப்பநிலையில் உள்ளே போகும் காற்று, சுமார் 95° செ. சூட்டோடு வெளியே வருகிறது என்று கொள்வோம். கெல்வினில் 293, 368. வாயு விதிப்படி அடர்த்தி எத்தனை மடங்கு என்று நீங்களே கணக்கிடலாம்: 1.7-ஐ 293-ஆல் பெருக்கி 368-ஆல் வகுத்தால் 1.35 வருகிறது. உண்மையில் கிடைப்பது 35 சதவீதம்தான்! மீதியைச் சூடு விழுங்கிவிட்டது. பின்னாளில் வந்த டர்போ கார்களில் இந்தக் காற்றைக் குளிர்விக்க ‘இன்டர்கூலர்’ என்ற குளிர்விப்பான் சேர்க்கப்பட்டது இதனால்தான். 99 டர்போவில் அது கிடையாது.

இந்தக் கணக்கை மறந்துவிடாதீர்கள். பிளக்கைத் தேர்ந்தெடுக்க இதுதான் அடிப்படை.

சாப் பொறியாளர்கள் இன்னொன்றும் செய்தார்கள். அவர்களுடைய சாதாரண எஞ்சினில் அமுக்க விகிதம் 9-ஐ ஒட்டி இருந்தது. அதாவது பிஸ்டன் மேலேறும்போது கலவை ஒன்பதில் ஒரு பங்காகச் சுருங்கும். டர்போ எஞ்சினில் இதை 7.2 ஆகக் குறைத்துவிட்டார்கள். ஏற்கெனவே அமுக்கப்பட்ட சூடான காற்றை மறுபடியும் ஒன்பது மடங்கு அமுக்கினால் அது தாங்காது, பொறிக்குக் காத்திராமல் வெடித்துவிடும் என்ற பயம். பயம் நியாயமானதே. 1962-இல் அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபீல் கம்பெனி ‘ஜெட்ஃபயர்’ என்ற டர்போ காரை வெளியிட்டது. அதில் அமுக்க விகிதத்தை 10.25 ஆகவே வைத்திருந்தார்கள். வெடிப்பைத் தடுக்கத் தண்ணீரும் மெத்தில் ஆல்கஹாலும் கலந்த ஒரு திரவத்தைக் காற்றோடு தெளித்தார்கள். தெளிக்கும் வரை எல்லாம் சரி. ஆனால் கார்க்காரர்கள் பெட்ரோல் போடுவார்களே தவிர, அந்தத் திரவத்தை நிரப்ப மறந்துபோவார்கள்! 1963-உடன் அந்தக் கார் நின்றுவிட்டது. சாப் செய்ததுதான் புத்திசாலித்தனம் என்பது என் கருத்து. மனிதனின் ஞாபக சக்தியை நம்பி எஞ்சினை வடிவமைக்கக் கூடாது.

இனி பிளக்குக்கு வருவோம். நடுவே ஒரு உலோகக் கம்பி. அது நடு மின்வாய். அதைச் சுற்றி அலுமினிய ஆக்சைடால் ஆன பீங்கான். அதற்கு வெளியே மரை வெட்டிய எஃகுக் கூடு. கூட்டின் அடியிலிருந்து வளைந்து வரும் சிறு பட்டை மற்றொரு மின்வாய். இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில்தான் பொறி பாய்கிறது.

ஒவ்வொரு வெடிப்பின்போதும் இந்த முனை நெருப்பில் குளிக்கிறது. உள்ளே வாங்கிய சூடு வெளியே போக வேண்டும். அதற்கு முக்கிய வழி, பீங்கான் மூக்கின் வழியே மேலேறி, எஃகுக் கூட்டைத் தொட்டு, மரை வழியாகவும் வாஷர் வழியாகவும் சிலிண்டர் தலைக்குப் போவது. சிலிண்டர் தலையைச் சுற்றித் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது. பீங்கான் மூக்கு நீளமாக இருந்தால் சூடு நெடுந்தூரம் நடக்க வேண்டும். ஆகவே முனை சூடாகவே இருக்கும். மூக்கு குட்டையாக இருந்தால் சூடு சீக்கிரம் தப்பிவிடும். முனை அவ்வளவாகச் சூடேறாது. ஒரு முனை தண்ணீரில் முங்கியிருக்கும் இரண்டு இரும்புக் கம்பிகளை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீருக்கு மேலே ஒன்று ஒரு சாண் நீட்டிக்கொண்டிருக்கிறது, மற்றொன்று இரண்டு விரல்கடை மட்டுமே. இரண்டின் நுனியிலும் சுடரைப் பிடித்தால் எது முதலில் சிவக்கும்?

நீண்ட மூக்குள்ளதை ‘சூடான பிளக்’ என்றும், குட்டை மூக்குள்ளதைக் ‘குளிர்ந்த பிளக்’ என்றும் சொல்கிறார்கள். இந்தப் பெயர் பலரைக் குழப்பிவிடுகிறது. சூடான பிளக் என்றால் அதிகச் சூடான பொறி வரும், வண்டி சீறிப் பாயும் என்று நினைத்து வாங்குகிறவர்கள் உண்டு. பொறிக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தமே இல்லை. பெயர் முனையின் சூட்டைக் குறிக்கிறது.

முனை எவ்வளவு சூடாக இருக்க வேண்டும்? அதற்கு இரண்டு எல்லைகள் உண்டு. சுமார் 500° செ.க்குக் கீழே போனால் முனையில் படியும் கரி எரிந்து போகாது. கரி மின்கடத்தி அல்லவா? இடைவெளியில் பாய வேண்டிய மின்சாரம் கரியின் மேல் வழுக்கிக்கொண்டு ஓடிவிடும்; பொறி வராது. சுமார் 850° செ.க்கு மேலே போனால் அதைவிட மோசம். முனையே கங்கு போலக் கனன்று, பொறி வருவதற்கு முன்பே கலவையைப் பற்ற வைத்துவிடும். பிஸ்டன் இன்னும் மேலேறிக்கொண்டிருக்கும்போதே நெருப்பு எதிரே நிற்கும். அப்போது உண்டாகும் சூட்டில் முனை இன்னும் கனலும். அடுத்த முறை இன்னும் முன்னதாகவே பற்றும். இது விஷச் சக்கரம். முதலில் குறிப்பிட்ட பிஸ்டன் ஓட்டை இப்படித்தான் விழுகிறது.

டர்போ எஞ்சினில் ஒவ்வொரு வெடிப்பிலும் 35 சதவீதம் கூடுதலாகக் கலவை எரிகிறது என்று கணக்கிட்டோம். பிளக் அதே அளவு. அது வாங்கும் சூடு மட்டும் அதிகம். ஆகவே சாதாரண எஞ்சினுக்கு உரியதைவிட ஒரு படி குளிர்ந்த பிளக் தேவை. இதுவரை தத்துவம் எளிது. கடையில்தான் தொல்லை ஆரம்பிக்கிறது.

பிளக்கின் மேல் எழுத்துகளும் எண்களும் அச்சிட்டிருக்கும். ஜப்பானின் என்.ஜி.கே. கம்பெனி பிளக் ஒன்றில் ‘பிபி7இஎஸ்’ என்று இருக்கிறது. ‘பி’ என்பது 14 மில்லிமீட்டர் மரை; அடுத்த ‘பி’ ஆங்கிலத்தில் வேறு எழுத்து, முனை சற்று வெளியே நீட்டியிருப்பதைக் குறிக்கிறது; ‘7’ வெப்பப் படி; ‘இ’ என்றால் மரையின் நீளம் 19 மில்லிமீட்டர்; ‘எஸ்’ வழக்கமான செம்பு உள்ளீடுள்ள நடு மின்வாய். இந்தக் கம்பெனியில் எண் கூடக் கூடப் பிளக் குளிர்ந்தது. ஜெர்மனியின் போஷ் கம்பெனியில் நேர்மாறு: எண் குறையக் குறையக் குளிர்ந்தது! என்.ஜி.கே. 7-க்கு ஏறத்தாழ இணையானது போஷ் 6. பழைய பிளக்கில் 7 என்று பார்த்துவிட்டு, “எனக்கும் ஏழாம் எண் கொடுங்கள்” என்று போஷ் பிளக் வாங்கி வந்தால், ஒரு படி சூடான பிளக்கை வாங்கி வந்திருக்கிறோம்.

இது போதாதென்று போஷ் தன் முறையையே இடையில் மாற்றிக்கொண்டது. அதன் பழைய முறையில் 175, 200, 225 என்று பெரிய எண்கள் இருந்தன; அங்கே எண் கூடினால் குளிர்ந்தது. புதிய முறையில் 175 என்பது 7 ஆயிற்று, 200 என்பது 6, 225 என்பது 5. பழைய காருக்குப் பழைய கையேடு. பழைய கையேட்டில் பழைய எண். கடையில் இருப்பதோ புதிய எண். ஒப்பீட்டு அட்டவணையைப் பார்க்காமல் எண்ணை மட்டும் நம்புவது கூடாது. மரையின் நீளமும் முக்கியம். 19 மில்லிமீட்டர் வேண்டிய இடத்தில் 12.7 மில்லிமீட்டர் பிளக்கை மாட்டினாலும் அது ஏறிக்கொள்ளும். ஆனால் முனை குழிக்குள் ஒளிந்திருக்கும். மிச்ச மரையில் கரி அடையும். மாறாகக் குட்டைத் துளையில் நீளப் பிளக்கை மாட்டினால் பிஸ்டனே வந்து முட்டலாம்.

அடுத்தது மின்வாய்களுக்கு நடுவிலுள்ள இடைவெளி. மெக்கானிக்குகள் ‘பிளக் கேப்’ என்பார்கள். 1889-இல் ஜெர்மானிய இயற்பியல் அறிஞர் ஃபிரீட்ரிக் பாஷன் ஒரு விதியைக் கண்டறிந்தார். வாயுவில் பொறி பாய எவ்வளவு மின்னழுத்தம் தேவை என்பது வாயுவின் அழுத்தத்தையும் இடைவெளியையும் பெருக்கி வரும் தொகையைப் பொறுத்தது என்பது அவர் முடிவு. வெப்பநிலை மாறும்போது அழுத்தத்துக்குப் பதில் அடர்த்தியை எடுத்துக்கொள்ள வேண்டும். 0.7 மில்லிமீட்டர் இடைவெளியில் வெளிக்காற்றில் பொறி பாய சுமார் 3,000 வோல்ட் போதும். சிலிண்டருக்குள் அடர்ந்த கலவையில் அதே இடைவெளிக்கு 10,000 முதல் 20,000 வோல்ட் வரையிலும், சில சமயம் அதற்கு மேலும் தேவைப்படும்.

நம் கணக்கை இங்கே பயன்படுத்துவோம். சாதாரண எஞ்சினில், பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது அடர்த்தி வெளிக்காற்றைப்போல் சுமார் 9 மடங்கு. டர்போ எஞ்சினில் 1.35-ஐ 7.2-ஆல் பெருக்கினால் 9.7. ஏறக்குறைய ஒன்றேதான்! பொறி உண்மையில் பிஸ்டன் உச்சியைத் தொடுவதற்குச் சற்று முன்பே பாய்கிறது என்றாலும், ஒப்பீட்டுக்கு இது போதும். அமுக்க விகிதத்தைக் குறைத்ததில் பிளக்குக்கும் நன்மை கிடைத்திருப்பதைப் பாருங்கள். 0.6, 0.7 மில்லிமீட்டர் போல அக்காலத்துக்கு வழக்கமான இடைவெளியோடு வேலை நடந்தது.

ஆனால் பழைய காரை வைத்திருப்பவர்கள் சும்மா இருப்பதில்லை. ஒருவர் இன்டர்கூலர் மாட்டி, மிகையழுத்தத்தை 1 பாருக்கு ஏற்றுகிறார் என்று கொள்வோம். காற்று 50° செ.க்குக் குளிர்ந்து வருகிறது. மொத்த அழுத்தம் 2 பார். 293-ஆல் பெருக்கி 323-ஆல் வகுத்தால் 1.81. அதை 7.2-ஆல் பெருக்கினால் 13. அதாவது 9.7 இருந்த இடத்தில் 13. மூன்றில் ஒரு பங்கு அதிகம். பழைய காயிலால் அவ்வளவு மின்னழுத்தம் தர முடியாவிட்டால் என்ன ஆகும்? மெதுவாகப் போகும்போது கார் நன்றாகவே ஓடும். முழுச் சக்தி கேட்டு மிதிக்கும்போது மட்டும் திக்கித் திணறும். பெட்ரோல் வரவில்லை என்று நினைத்துப் பெட்ரோல் பம்பைக் கழற்றுவார்கள்! பாஷன் விதிப்படி பெருக்குத்தொகையைப் பழையபடி வைக்க வேண்டுமானால் 0.7 மில்லிமீட்டர் இடைவெளியைச் சுமார் 0.5 ஆகக் குறைக்க வேண்டும். அதற்கும் ஒரு விலை உண்டு. இடைவெளி சிறுத்தால் பொறி தொடும் கலவையும் சிறுக்கும். எஞ்சின் சும்மா ஓடும்போது சீராகப் பற்றாமல் தடுமாறும். அதைவிட வலுவான காயில் மாட்டுவது மேல். அதோடு இப்போது எரியும் கலவையும் கூடிவிட்டதால் பிளக்கும் இன்னொரு படி குளிர்ந்ததாக வேண்டும். காற்றின் அழுத்தத்தைத் தொட்டவர் பிளக்கையும் தொட்டே தீர வேண்டும்.

விலை அதிகமான இரிடியம், பிளாட்டினம் பிளக் வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த உலோகங்கள் எளிதில் தேயாது. ஊசி போல மெல்லிய முனை வைக்கலாம். சற்றுக் குறைந்த மின்னழுத்தத்தில் பொறி பாயும். அது உண்மை. ஆனால் வெப்பப் படி தவறாக இருந்தால் இரிடியமும் காப்பாற்றாது.

பிளக் சரியாக இருந்தும் எஞ்சின் கெடலாம். பொறியால் பற்றிய நெருப்பு ஒரு பக்கத்திலிருந்து பரவி வரும்போது, மறுகோடியில் எஞ்சியிருக்கும் கலவை சூட்டாலும் அழுத்தத்தாலும் தானாகவே ஒரே நொடியில் வெடித்துவிடுவதுண்டு. ‘நாக்கிங்’ என்று சொல்லும் தட்டல் ஓசை அதுதான். இதையும் மேலே சொன்ன முன்னெரிப்பையும் ஒன்றாக எண்ணிவிடாதீர்கள். முன்னெரிப்பு பொறிக்கு முன்னால் நடப்பது, நாக்கிங் பொறிக்குப் பின்னால் நடப்பது. ஆனால் ஒன்று மற்றொன்றுக்கு வழி திறந்துவிடும். நாக்கிங்கைத் தடுக்க உயர்ந்த ஆக்டேன் எண்ணுள்ள பெட்ரோல் வேண்டும். மிகையழுத்தம் ஏறும்போது பொறி சற்றுத் தாமதமாக வர வேண்டும். டிஸ்டிரிபியூட்டரில் இதைக் கவனிக்கிற ரப்பர் சவ்வு பல டர்போ கார்களில் உண்டு. நாற்பது வருடத்தில் அந்தச் சவ்வு கிழிந்திருந்தால் யாருக்கும் தெரியாது! சாப் கம்பெனியே 1982-இல் தன் 900 டர்போ மாடலில், எஞ்சினின் தட்டலைக் ‘கேட்கிற’ உணர்வி ஒன்றைப் பொருத்தி, தட்டல் எழுந்தவுடன் அழுத்தம் தானாகக் குறையும்படி செய்தது. நம் 99-க்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

ஆகவே பிளக்கோடு கூடவே மாற்ற வேண்டிய சில பாகங்கள் உண்டு. டிஸ்டிரிபியூட்டர் மூடியில் மயிரிழை போன்ற விரிசல் இருந்தால், 20,000 வோல்ட் அதன் வழியே ஓடிவிடும். ரோட்டாரும் பிளக் ஒயர்களும் அப்படியே. இருட்டில் எஞ்சினை ஓடவிட்டு, தொடாமல் எட்ட நின்று பார்த்தால், கெட்ட ஒயரின் மேல் நீலப் பொறிகள் ஊர்வதைக் காணலாம். காற்று வடிகட்டியும் பெட்ரோல் வடிகட்டியும் புதிதாக இருக்க வேண்டும். பெட்ரோல் குறைந்தால் கலவை சூடாக எரியும். அது மீண்டும் பிளக்கின் தலையில்தான் விடியும்.

மாட்டும்போது ஒரு எச்சரிக்கை. சிலிண்டர் தலை அலுமினியத்தால் ஆனது. எஞ்சின் ஆறிய பிறகே பிளக்கைக் கழற்ற வேண்டும். புதுப் பிளக்கைக் கையாலேயே கடைசிவரை திருகி, வாஷர் படிந்த பிறகு ஸ்பானரால் அரைச் சுற்றோ அதற்குச் சற்று மேலோ முடுக்கினால் போதும். அதிகம் முடுக்கினால் மரை போகும். தளர்வாக விட்டால் சூடு வெளியேறும் பாதை அறுந்து, குளிர்ந்த பிளக்கும் சூடான பிளக்காகிவிடும்.

கொஞ்ச தூரம் நன்றாக ஓட்டிவிட்டு ஒரு பிளக்கைக் கழற்றிப் பார்த்தால், உள்ளே நடந்ததையெல்லாம் அது சொல்லிவிடும். இதற்கு டர்போ கார் வேண்டியதில்லை. மெக்கானிக் கடையில் கழற்றிப் போட்ட ஸ்கூட்டர் பிளக்கும் போதும். பீங்கான் மூக்கு வெளிர்ப் பழுப்பாக இருந்தால் எல்லாம் சரி. கறுப்புக் கரி அப்பியிருந்தால் பிளக் மிகவும் குளிர்ந்தது, அல்லது பெட்ரோல் அதிகம். சுண்ணாம்பு போல வெளுத்துக் கொப்புளித்திருந்தால் மிகவும் சூடானது. ஒரு பூதக்கண்ணாடி இருந்தால் இன்னும் கூர்ந்து பாருங்கள். வெள்ளைப் பீங்கானின் மேல் மிளகில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத பளபளக்கும் சிறு உருண்டைகள் ஒட்டியிருக்கின்றனவா? அவை அலுமினியம். எஞ்சினுக்குள் அலுமினியம் எங்கிருந்து வந்தது? பிஸ்டனிலிருந்துதான். அப்படிப்பட்ட பிளக்கைத் துடைத்துத் திரும்ப மாட்டக் கூடாது. வண்டியை அப்படியே நிறுத்திவிட்டு, முதலில் மிகையழுத்தம் எவ்வளவு ஏறுகிறது, பொறி எப்போது வருகிறது என்று இரண்டையும் அளந்து பார்க்க வேண்டும்.